டம்ளர்கள் மேசையிலேயே இருந்தன

அக்கா, தூங்கிவிட்டாயா? போர்வைக்குள் ஒளிந்துகொண்டு போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நீ காலையில் பார்த்தால் போதும். எனக்குத்தான் இப்போதே சொல்லியாக வேண்டும்.

அப்பாவின் குரல் ஏறினால், மேசையில் இருக்கும் கண்ணாடி டம்ளர்களை யாராவது சத்தமில்லாமல் எடுத்து அலமாரியில் வைப்போமே, அவர் வீசி உடைப்பதற்குள். நீ இருந்தவரை அது உன் வேலை. நீ கல்யாணமாகிப் போனதும் தம்பி பார்த்துக்கொள்கிறான். போன வாரம் சார்ஜருக்காக அவனோடு சண்டை. நான் கத்திக்கொண்டிருக்கும்போதே பார்க்கிறேன், அவன் டம்ளர்களை எடுக்கிறான். அப்பா வீட்டிலேயே இல்லை, அக்கா. எனக்குப் பயந்து எடுத்தான்.

அத்தை வேறு எப்போதும் பாடுகிற பாட்டு: "மூக்கு மட்டுமா? கோபமும் அப்படியே எங்கண்ணன்தான். ரத்தம்டி, எங்க போகும்!" அன்றிலிருந்து கண்ணாடியில் முகம் பார்க்கவே பயம்.

இன்று மதியம் சாப்பாட்டு டப்பாவோடு அப்பாவின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். பைக் கொண்டுவந்த ஒருவர் அவரைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா வேலை பாத்திருக்க? பிரேக் பிடிச்சா ஊருக்கே கேக்குது! கண்ண மூடிக்கிட்டு மாட்டுனியா?"

அப்பாவின் கையில் பெரிய ஸ்பேனர். கழுத்து நரம்பு புடைத்தது, நமக்குத் தெரிந்த அதே நரம்பு. எடுத்து வைக்க டம்ளர் ஏதும் இருக்கிறதா என்று என் கண் தானாகவே தேடியது.

அப்பா ஸ்பேனரைத் தட்டில் வைத்தார். துளி சத்தம் வரவில்லை.

"வண்டிய விட்டுட்டுப் போங்க சார். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்."

வீடு வரும்வரை அதே யோசனை. ரத்தம்தான் என்றால் அங்கேயும் கொதித்திருக்க வேண்டாமா? வைக்கத் தெரிந்த கைதானே அது? வீட்டில் வீசினால் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து இதயப் படத்துக்குக் கடைசி வண்ணம் தீட்டினேன். நாளைக்குப் பள்ளியில் கொடுக்க வேண்டியது. தம்பி கை பட்டு டம்ளர் சரிந்தது. தண்ணீர் பரவி, சிவப்பெல்லாம் நீலத்தில் ஓடிக் குழம்பிவிட்டது. காலி டம்ளரைப் பிடித்தேன். விரல்கள் இறுகின. தம்பி மற்ற டம்ளர்களை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அப்பா சோபாவிலிருந்து பார்த்தார்.

வைத்தேன், அக்கா. மெதுவாக. அந்த ஸ்பேனர் மாதிரி.

"எரும! என்ன வேடிக்க? துணி எடுத்துட்டு வாடா!"

"அடிக்க மாட்டியா?"

"அதுக்கெல்லாம் நேரமில்ல. இன்னொரு இதயம் வரையணும்."

அப்பா சிரித்துவிட்டார். "இவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சு இந்தப் பொறுமை?"

சொல்லிவிட்டேன். "உங்ககிட்டேர்ந்துதான்பா. மத்தியானம் அந்த ஆள் கத்துனப்ப ஸ்பேனர வெச்சீங்களே, பாத்தேன்."

அவர் சிரிப்பு நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். எழுந்துபோய், ஈரத் தாளைத் துடைக்க அவரே துணி எடுத்து வந்தார்.

நாளைக்கும் எனக்குக் கோபம் வரும். வரட்டும், பார்த்துக்கொள்கிறேன். ஏனென்றால் தம்பி, நெஞ்சோடு அணைத்திருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக மறுபடி மேசையில் வைத்தான். என் முழங்கைக்குப் பக்கத்தில், அக்கா. பக்கத்திலேயே!