மீந்த திராட்சைச் சாறு

இயேசுவின் இரத்தமாக எண்ணித் திராட்சைச் சாறு பருகும் திருவிருந்து முடிந்து ஜனம் வெளியே போனபின் தட்டில் பதினோரு கோப்பைகள் மீந்திருந்தன. கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் கோப்பைகள். சபைக் கட்டடத்தின் பின்னறையில் மதிய வெயில் அவற்றினூடே விழுந்து, சுவரெல்லாம் ஊதாப் பொட்டுகளாக நடுங்கியது. கோப்பை கழுவும் பொறுப்பிலிருந்த அவள் பத்துக் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தன் சின்ன பிளாஸ்கில் ஊற்றினாள். பதினோராவது அவளுடையது. இன்று அதை எடுத்துக் குடிக்கக் கை நீளவில்லை. அதை மட்டும் ஜன்னல் ஓரமாக வைத்தாள்.

மீந்த சாற்றைக் கொல்லை மண்ணில் ஊற்றிவிட வேண்டும் என்பது சபை ஒழுங்கு. பத்தொன்பது வருடங்களாக அது போய்ச் சேர்ந்ததோ, வெளியே தான் ஓட்டும் வாடகைக் காரில் காத்திருக்கும் அவள் வீட்டுக்காரரின் தொண்டைக்குள். வீணாகப் போகிறதே என்றுதான் ஆரம்பித்தாள். அவர் ஞானஸ்நானம் வாங்காதவர். கேட்டால் "பாக்கலாம்" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவர். ஞாயிறு தவறாமல் கொண்டுவந்து விடுவார், வாசற்படியில் மட்டும் கால் வைக்கமாட்டார். இவள் தலை தெரிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு வண்டியைக் குளிர வைப்பார். பிளாஸ்கை நீட்டினால் இன்ஜினை அணைத்துவிடுவார். ஆட்டத்தில் சிந்திவிடுமாம். நின்ற வண்டியில் என்ன ஆட்டம் என்று அவளும் தோண்டித் துருவியதில்லை.

இன்றைக்குப் போதகரின் பிரசங்கமே திருவிருந்தைப் பற்றித்தான். ஆண்டவர் முன்கூட்டியே தெரிந்தெடுத்தவர்களுக்காகத்தான் இரத்தம் சிந்தினார். மற்றவன் இதில் வாய் வைத்தால் தனக்குத் தண்டனையைத்தான் குடிக்கிறான் என்றார். செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷன். நாத்தனார் போகிற சபையில் வேறு பேச்சு. "எல்லாருக்காகவும்தான் அண்ணி சிந்தினாரு. உங்க சபையிலதான் அதை அளந்து அளந்து ஊத்தறீங்க" என்று நேற்றுகூடப் போனில் சிரித்தாள். யார் சொல்வதை நம்புவது? பிரசங்கத்தின் பாதியில் அவளுக்குக் கண் செருகியது. பரலோக வாசல் தெரிந்தது. வெள்ளை உடுப்பில் ஜனம் உள்ளே போய்க்கொண்டேயிருக்க, இந்த மனிதர் நிழல் பார்த்து வண்டியை நிறுத்தி, செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு கிடந்தார், இவள் எப்போது வெளியே வருவாள் என்று. அங்கிருந்து யாரும் வெளியே வருவதில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

பிளாஸ்கைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டுப் போய், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த காரில் ஏறினாள்.

"என் பங்கு எங்க?"

"மண்ணுல ஊத்திட்டேன்."

"ஏம்மா? டாக்டர் இனிப்பைக் கொறைக்கச் சொன்னாரு. அதுக்காக இப்படியா?"

அவள் உடைந்துவிட்டாள். "இத்தனை வருஷமா உங்களுக்குத் தண்டனையை ஊத்திக் குடுத்திருக்கேனோன்னு பயமா இருக்குங்க."

"தண்டனை இவ்வளவு இனிப்பாவா இருக்கும்?"

"வெளையாடாதீங்க. குடிக்கும்போது என்னத்தை நெனைப்பீங்க? அதைச் சொல்லுங்க."

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"பெருசா ஒண்ணுமில்ல. நீ உள்ள குடிச்ச அதேதான்னு நெனைப்பேன். உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த ஒரு நிமிஷம் உன்கூட நானும் உள்ள இருக்கற மாதிரி இருக்கும்."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

பின்னறையில் போதகர் பூட்டும் சாவியுமாக நின்றிருந்தார். "இன்னும் கெளம்பலையாம்மா?"

"ஒண்ணு மிச்சம் இருக்கு பாஸ்டர்." ஜன்னல் ஓரத்திலிருந்து தன் கோப்பையை எடுத்தாள்.

"மண்ணுல ஊத்திடும்மா."

"சரிங்க பாஸ்டர்" என்றாள், முப்பது வருடப் பழக்கத்தில். ஆனால் கால்கள் கொல்லைப் பக்கம் திரும்பவில்லை. முதுகில் போதகர் பார்வை படுவது தெரிந்தது. வெறிச்சோடிய ஆராதனைக் கூடத்தின் நடுவே, வரிசை வரிசையான நாற்காலிகளைத் தாண்டி, விளிம்பு தளும்பும் கோப்பையை இரு கைகளாலும் பிடித்தபடி நடந்தாள். உள்ளங்கையில் ஒரு ஊதாப் பொட்டு அசைந்துகொண்டே வந்தது. வெளிவாசலில் வெயில் கண்ணைக் கூசவைக்க, காரும் அவரும் ஒரே வெள்ளை வெளிச்சமாய்க் கலங்கித் தெரிந்தார்கள்.

அவள் படியில் கால் வைத்தாள். இன்ஜின் நின்றது.