கச்சத்தீவுக்கு விழுந்த கைதட்டல்

கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்த வருஷம், திருவண்ணாமலைத் தேரடியில் கண்டனக் கூட்டம். மேடையில் பேசியவன் வக்கீல் ஆதிமூலம். கீழே, கூட்டத்தோடு கூட்டமாக நின்று வயிறெரிந்தவர் அவனுடைய அண்ணன் சகாதேவன்.

எரியாமல் என்ன செய்யும்? ஒரே வயிற்றில் பிறந்தவன் கழுத்தில் மாலையோடு நிற்கிறான். இவர் அடி அண்ணாமலையில் சேறு மிதிக்கிறார். பாகப்பிரிவினையில் நிலம் சரிபாதி; களம் மட்டும் இவர் பங்குக்கு வந்தது. அப்பா காலத்திலிருந்து இரண்டு வீட்டு மல்லாட்டையும், அதான் நிலக்கடலை, காய்ந்த களம். தம்பி வீட்டில் மின்விசிறி சுழல ஆரம்பித்த மறுவாரமே களத்தைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்.

"ராமேஸ்வரத்து ஜனங்க காலங்காலமா வலை காயவச்ச தீவு அது," என்றான் ஆதிமூலம். "எல்லை யார் பக்கம் போனாலும் அனுபவ பாத்தியதை போவாது!"

கைதட்டலில் தேர் நகர்ந்துவிடும் போலிருந்தது. பக்கத்திலிருந்தவர், "உன் தம்பி என்னமா பேசறான்யா!" என்றதும் சகாதேவனுக்குப் பொறுக்கவில்லை. கையை உயர்த்திக் கத்தினார்.

"எடம் எவன் பேர்ல இருந்தா என்னாய்யா? காயவைக்க வந்தவனத் தடுக்கறவன் மனுஷனே இல்ல!"

கூட்டம் திரும்பிப் பார்த்து ஆரவாரித்தது. முதன்முறையாக, தனக்கு! சகாதேவன் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆதிமூலம் மைக்கைக் கிட்டே இழுத்தான். "நல்லா சொன்னீங்கண்ணா! அப்ப நாளைக்கே வேலியப் பிரிச்சுடுங்க. எங்க மல்லாட்டையக் களத்துல கொட்டிடறோம்."

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். அதுவும் தம்பிக்குத்தான்.