சிவப்பு நீக்கிய திம்மராயன்

பாகலூர் திம்மராயனின் ரத்தம் தண்ணீர் நிறத்துக்கு மாறியது, அவருடைய புதுக் காரின் பின்கண்ணாடியில் அவர் முகத்தை ஸ்டிக்கராக ஒட்டிய அன்று. அவர் பழைய இரும்புக் காண்ட்ராக்டர். கம்பெனிகள் கழித்துப்போடும் இரும்பை யார் அள்ளுவது என்பதைக் கம்பியால் பேசி முடிப்பவர். 'எல்லைச் சிங்கம்' என்ற பட்டத்தைத் தமக்குத் தாமே வழங்கி, அந்த விழாவுக்குத் தாமே தலைமையும் தாங்கியவர். மூக்கண்டப்பள்ளி ஸ்டிக்கர் கடையில் சத்யப்ரியா, போட்டோவில் லட்சம் நிறம் இருக்கும், வெட்டி ஒட்ட நாலு போதும் என்று கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தாள். போட்டிக்காரன் நல்லுசாமியின் வண்டிகளெல்லாம் சிவப்பு. "அந்தக் கலரு என் மூஞ்சில ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது" என்றார் திம்மராயன். "உதடு, கண்ணு எல்லாத்துலயும் இருக்கேண்ணா." "எடுன்னா எடும்மா. சிங்கம் லிப்ஸ்டிக்கா போடுது?" எடுத்துவிட்டாள்.

அடுத்த வாரமே நல்லுசாமி அனுப்பிய அத்திப்பள்ளி ஆள் ஒருவன் பட்டாக்கத்தியால் அவர் தோளைப் பிளந்தான். தண்ணீர்தான் வழிந்தது. "ரக்தானே இல்ல கணோ!" என்று, ரத்தமே இல்லையே எனக் கன்னடத்தில் அலறி, கத்தியைப் போட்டுவிட்டு ஓடியவனின் முழங்காலை எல்லைச் சிங்கம் கம்பியால் நொறுக்கியது. அவன் ரத்தம் வழக்கம்போலச் சிவப்பாகவே இருந்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மனைவி சுஜாதா துணி தைக்கும் ஊசியால் தோளைத் தைத்தபோது, பல்லைக் கடித்தபடி, "வலிக்குதுன்னு வெளிய சொல்லிடாத" என்றார். வெளியே, காயமே படாத தலைவருக்குப் பேனர் எழுந்தது. பேனருக்குப் பால் ஊற்றினார்கள். இரண்டு வருஷத்தில் வட்டாரத்து இரும்பெல்லாம் அவர் கைக்கு வந்தது. எதிர்த்தவர்களின் பற்களும் விரல்களும் அவருடைய லாரிகளில் இரும்போடு போயின.

அவர் பிறந்தநாள் விருந்தில், பட்டப்பகலில், நல்லுசாமியின் ஆட்கள் இலைகளைத் தாண்டி வந்து அவர் கழுத்திலும் வயிற்றிலும் வெட்டிவிட்டுப் போனார்கள். தொண்டர்கள் விசில் அடித்தார்கள். "சிங்கத்துக்கு வேர்த்திருக்குடா!" திம்மராயன் "ஆஸ்பத்திரி" என்றார். "தலைவர் காமெடி பண்றாரு" என்று சிரித்து, அவரோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள். சுஜாதா ஓடிவந்து அவர் தலையை மடியில் தூக்கி வைத்தாள். சேலை நனைந்தது. "தண்ணி இவ்ளோ சூடாவா இருக்கும்? பாவிங்களா, வண்டிய எடுங்கடா!" வண்டியை எடுத்தார்கள், கம்பெனி ஷிப்ட் பஸ்களுக்குப் பின்னால் அது நின்றபோதே உயிர் போய்விட்டது. ரத்தக்கறை எங்கும் இல்லாததால், ஈரத்தரையில் வழுக்கி விழுந்ததாக வழக்குப் பதிவானது. அதன்பின் பாகலூர்ப் பக்கம் அடிதடி என்றால், விழுந்தவனைக் குனிந்து தொட்டு, ஈரம் சூடாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விசில் அடிக்கிறார்கள்.