முதல் வரி இல்லாத தகவல்

டெலக்ஸ் லைன் பாதியில் அறுந்திருந்தது. யார் அனுப்பியது, யாருக்கு என்பதெல்லாம் எழுத்துக் குப்பையாகச் சிதைந்து, நடுவில் ஒரு வரி மட்டும் ஆங்கிலத்தில் தெளிவாக விழுந்திருந்தது: இப்போது அனுப்ப வேண்டாம், அடுத்த தகவலுக்குக் காத்திருக்கவும். ஞானசௌந்தரி காகிதத்தைக் கிழிக்காமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரைக்கால் கடைத்தெரு மாடியில், எண்பத்தாறாம் வருஷம் மூன்று கம்பெனிகளுக்குப் பொதுவாக மாடிக்காரர் நெய்னா முகம்மது வைத்த டெலக்ஸ் இயந்திரம் அது; வெளியூர்த் தகவல்கள் அதில் தாளில் அச்சாகி வரும். தனித்தனி நம்பர் வாங்கலாமா என்று அவர் கேட்டபோது ஒன்றே போதும் என்றவள், அதைப் பார்த்துக்கொள்ளும் இவள்தான். முதல் வரியில் கம்பெனிப் பெயர் வந்தால் அந்தந்தக் கம்பெனியின் தட்டில் போட்டுவிடலாம். தனக்கு பிரெஞ்சு தெரியாததால் எல்லாம் ஆங்கிலத்திலேயே வரட்டும் என்று சொன்னதும் இவள்தான். ஒருத்தர் தகவலை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது என்பது மட்டும் நெய்னாவின் கட்டளை. இல்லாவிட்டால் மூன்று பிரதி எடுத்து மூன்று தட்டிலும் போட்டிருப்பாள்.

இறால் ஏற்றுமதி செய்யும் அப்துல் லத்தீப்பின் லாரி அன்று மாலை திருவேட்டக்குடியிலிருந்து கிளம்ப இருந்தது. அவருக்குத்தான் இருக்கும் என்று அவர் தட்டில் வைத்தாள். அதைப் பார்த்து அவர் நிறுத்திவைக்க, ஐஸ் போட்ட இறாலோடு லாரி அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு முழுத் தகவல் வந்தது. முதல் வரியில் பயண ஏஜெண்ட் ரோழேயின் பெயர். பாரிஸிலிருந்து ஆர்மான் அனுப்பியது: முந்தைய தகவல் கிடைத்ததா? ராணுவத்தில் என்னை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார்கள், வீடு பூட்டியிருக்கும், அம்மாவை அனுப்ப வேண்டாம்.

அவர் ஆபீஸ் பக்கத்துத் தெருவில்தான். ஓடினாள். அவர் தாளை இரண்டு முறை படித்தார்.

"அவன் அம்மா ஆன்தோனெத்தம்மாவ விடியக்காலமே மெட்ராஸ் பஸ்ல ஏத்திவிட்டுட்டேனே. மூணரைக்கு பம்பாய் பிளேன். அங்கேருந்து பாரிஸ்."

"நேத்தே வந்துதுங்க முசியே. நான்தான் லத்தீப் பாய் தட்டுல வெச்சிட்டேன்."

அவர் திட்டவில்லை. "அந்தம்மாவுக்குத் தமிழத் தவிர ஒண்ணும் தெரியாது. டிசம்பர் குளிரு வேற" என்றார், மேஜையைப் பார்த்தபடி.

பல மடங்கு கட்டணத்துக்கு முதலில் இணைத்துத் தரும் மின்னல் கால் போட்டார்கள். இணைப்பு கிடைக்கும்போது மூன்று மணி தாண்டியிருந்தது. மெட்ராஸ் விமான நிலையக் கவுண்டரில் இருந்தவனிடம் ரோழே, ஆன்தோனெத்தம்மாவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டு, ரிசீவரை ஞானசௌந்தரியிடம் நீட்டினார். "நீயே கேளும்மா."

"மைக்ல கூப்பிட்டுப் பாக்குறேங்க, லைன்லயே இருங்க" என்று அவன் ரிசீவரைக் கீழே வைத்தான். பெட்டிகள் உருளும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். அப்புறம் ஒலிபெருக்கியில் அந்தப் பெயர், முதல் தடவை தப்பாக, இரண்டாம் தடவை இன்னும் தப்பாக, ஒரு பெரிய கூடத்தில் எதிரொலித்துப் பரவுவதை அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.