வரிசை மாறி நின்ற வாத்தியார்

மாசிடோனியாவிலிருந்து ஜெர்மனி போகும் எங்கள் பஸ்ஸின் டிரைவர் ட்ராய்ச்சேவுக்கு ஒரு பழக்கம் உண்டு. செர்பியாவின் கடைசி ஊர் தாண்டி ஹங்கேரி எல்லை நெருங்கும்போது தேசபக்திப் பாட்டாகப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவிடுவார். தாய்மண், மலை, ரத்தம் என்று பாட்டு அலறும். அந்த அலறலில் ஜிப் திறக்கும் சத்தம் கேட்காது. அவரவர் கை பைக்குள் போகும், பாவாடை மடிப்புக்குள் போகும், ரொட்டி சுற்றிய துணிக்குள்கூடப் போகும். மாசிடோனியப் பாஸ்போர்ட் உள்ளே, பல்கேரியப் பாஸ்போர்ட் வெளியே. பாட்டு முடியும்போது அத்தனை பேரும் ஜன்னல் வழியாகச் சோளக்காட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எழுத்தே இல்லாத கறுப்பு உறை போட்ட பாஸ்போர்ட் ஒவ்வொருவர் மடியிலும் இருக்கும். அந்த உறையை எங்கள் தலைநகர் ஸ்கோப்யே பஸ் நிலையத்தில் கூவிக் கூவி விற்கிறார்கள்.

இந்தக் கூத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் உறை போடுவதில்லை. ஏறும்போதே மேல் பையில் வைத்துக்கொள்வேன், எவன் பார்த்தால் எனக்கென்ன என்று.

விஷயம் இதுதான். எங்கள் பாஸ்போர்ட்டில் ஜெர்மனிக்கு மூன்று மாதம் சுற்றிப் பார்க்கப் போகலாம், வேலை செய்ய முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பல்கேரியாவின் பாஸ்போர்ட் இருந்தால் செய்யலாம். அதை வாங்க வேண்டுமென்றால் 'என் பூர்வீகம் பல்கேரியம்' என்று கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் தனி இனமே இல்லை, பல்கேரியர்தான் என்று சொல்கிற நாடு அது; எங்கள் ஊர் பிரிலெப்பில் அதைவிடக் கேவலமான காரியம் கிடையாது. பிள்ளையைப் பெற்றுக் குப்பைத்தொட்டியில் போட்டவளைக்கூட மன்னித்துவிடுவார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். புகையிலை ஆலையை மூடினார்கள், புருஷனுக்கும் எனக்கும் ஒரே நாளில் வேலை போனது, என் மகள் கலினா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். போட்டேன், அவ்வளவுதான். ஜெர்மனியில் உல்ம் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

என் தப்பு, அதை மறைக்காதது. அந்த வருஷம் புனித நிக்கோலா நாளுக்கு ஊருக்குப் போனேன். அன்று எங்கள் வீட்டு வாசல் திறந்தே இருக்கும், அழைக்காமலே எல்லோரும் வருவார்கள், மேஜை நிறைய மீன் இருக்கும். யாரோ "எப்படி வேலை கிடைச்சுது?" என்று கேட்டார்கள். "பல்கேரியப் பாஸ்போர்ட்டுல" என்றேன். என் தம்பி பிளாகோய் கையில் கிளாஸோடு எழுந்தான். அவன் சரித்திர வாத்தியார், உட்கார்ந்துகொண்டு பேச வராது.

"நம்ம கொள்ளுத் தாத்தா யாரை எதிர்த்து மலை ஏறினாருன்னு தெரியுமா உனக்கு? யார் சுட்டுச் செத்தாருன்னு தெரியுமா? ஒரு வேலைக்காக அவரை வித்துட்டு வந்து இங்க மீன் திங்கறியே, தொண்டையில முள்ளு குத்தலையா அக்கா?"

வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான். ஆறு வருஷம். அம்மா செத்தபோது பக்கத்தில் நின்றுகொண்டு மண் போட்டோம், அப்போதும் பேசவில்லை. ஃபோன் செய்தால் "பிளாகோய், உனக்கு" என்று தம்பியிடம் நீட்டுவார்.

இப்போது கலினாவுக்கு உல்மில் கல்யாணம். "தாத்தா வராம நான் சர்ச்சுக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்று அவள் அடம் பிடித்தாள். அவரிடம் அவளே பேசி, அழுது, சம்மதிக்க வைத்தாள். பிளாகோயும் கூட வந்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய், இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கல்யாணத்துக்கு அவர் வந்து நின்றால் போதும், அங்கே சாராயமும் பாட்டும் இருக்கும், பேத்தி கையைப் பிடித்து இழுப்பாள், எப்படியும் என்னிடம் ஒரு வார்த்தை பேசிவிடுவார் என்பது என் கணக்கு. சின்னப்பிள்ளைக் கணக்குத்தான். ஆனால் அதற்காகத்தான் போனேன்.

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"பிளாகோய், பின்னாடி இருக்கற அம்மாகிட்ட ஜன்னலை மூடச் சொல்லு. காத்து அடிக்குது" என்றார் அப்பா.

பிளாகோய் திரும்பினான். "அக்கா, ஜன்னலை..."

"எனக்குக் காது நல்லாக் கேக்குதுடா. அந்த ஐயாகிட்டச் சொல்லு, மூடறேன்னு."

என் பக்கத்து சீட்டில் நாட்கா என்று ஒரு விதவை. ஆஸ்திரியாவில் ஹோட்டல் அறை கூட்டுகிறவள். அவள் என் காதோரம், "உங்க அப்பாவா? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு, இதே மாதிரி. போன வருஷம் போய்ச் சேர்ந்துச்சு. கடைசி வரைக்கும் திருந்தல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பொரித்த மிளகாயும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் டப்பாவில் கொண்டுவந்திருந்தேன். முன்னால் நீட்டினேன். பிளாகோய் எடுத்துக்கொண்டான். அப்பா வேண்டாம் என்று கையால் காட்டினார், ஆனால் கொஞ்சம் கழித்து அவன் கையிலிருந்து வாங்கித் தின்றார். அதைப் பார்த்து எனக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம். என்ன சொல்ல, வெட்கம் கெட்ட மனசு.

எல்லை நெருங்கியது. ட்ராய்ச்சே பாட்டைப் போட்டார். பஸ் குனிந்தது. பிளாகோய் மட்டும் குனியவில்லை. தலையை நிமிர்த்தி, பாட்டோடு சேர்ந்து வாயசைத்துக்கொண்டிருந்தான். நாட்காவுக்கே கூசிவிட்டது, பாதி திறந்த கைப்பையை அப்படியே மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

"வாத்தியாரே, கொஞ்சம் ஜன்னல் பக்கம் பாருங்களேன். ஜனங்க வேலையைப் பாக்கட்டும்" என்று ட்ராய்ச்சே கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்.

"என்கிட்ட மறைக்க எதுவும் இல்லைப்பா" என்றான் என் தம்பி. அப்பா அவன் தொடையில் தட்டிக் கொடுத்தார்.

ஹங்கேரிப் பக்கம் எல்லோரையும் இறக்கினார்கள். அங்கே இரண்டு வரிசை. ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. பஸ்ஸில் வாயைத் திறக்காமல் வந்தவர்களெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு முதல் வரிசையில் போய் நின்றார்கள். ஏறத்தாழ மொத்த பஸ்ஸும் அங்கேதான் நின்றது. இரண்டாவது வரிசையில் அப்பா, பிளாகோய், ஒரு மாணவி, இரண்டு கிழவர்கள். நான் முதலில் நுழைந்து அந்தப் பக்கம் போய் அவர்களுக்காகக் காத்திருந்தேன்.

அப்பாவுக்கு உடனே முத்திரை குத்தினார்கள். அடுத்து பிளாகோய். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஒரு பொம்பளை, செர்பிய மொழி தட்டுத் தடுமாறிப் பேசினாள். பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். திரும்பப் புரட்டினாள். கணினியைப் பார்த்தாள்.

"போன வருஷம் ஜூன்ல இங்கதான் உள்ள வந்திருக்கீங்க. வெளிய போன முத்திரை எங்க?"

பிளாகோயின் கழுத்து சிவந்தது. "குத்த மறந்திருப்பாங்க."

"நாங்க மறக்க மாட்டோம். நீங்க வெளியவே போகல. மூணு மாசம்தான் அனுமதி. ஒரு வருஷத்துக்கு மேல உள்ள இருந்திருக்கீங்க."

"நான் எங்க ஊர்ல பாடம் நடத்திட்டு இருந்தேம்மா!"

"ஆதாரம் இருக்கா? இல்லன்னா திருப்பி அனுப்புவோம். மறுபடி வர்றதுக்கும் தடை விழும்."

எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் முதல் நாளே மனப்பாடம் செய்கிற பாடம் ஒன்று உண்டு. எதைக் காட்டி உள்ளே போனாயோ, அதையே காட்டி வெளியே வா. மாற்றிக் காட்டினால், முதல் பாஸ்போர்ட்டின் ஆள் வெளியே போகவே இல்லை என்று கணக்கில் நிற்கும். போன ஜூனில் பிளாகோய் மற்ற வாத்தியார்களோடு ஏதோ பயிற்சி என்று வியன்னாவுக்குப் போனான். அவர்கள் முன்னால் எதைக் காட்டியிருப்பான்? மாசிடோனியப் பாஸ்போர்ட்டைத்தான். மற்றவர்கள் திரும்பினார்கள், இவன் மட்டும் நண்பன் வீட்டில் தங்குகிறேன் என்று ஆகஸ்ட் கடைசியில்தான் வந்தான். தனியாக வந்தான். வெயிலில் கறுத்து, உள்ளங்கை காய்த்து வந்தான் என்று அவன் பெண்டாட்டியே என்னிடம் ஃபோனில் சொன்னாள். கட்டட வேலை செய்திருக்கிறான், திரும்பும்போது பார்க்க ஊர்க்காரர் யாரும் இல்லை, பல்கேரியப் பாஸ்போர்ட்டைக் காட்டியிருக்கிறான். ஐரோப்பிய ஒன்றியத்து ஆளுக்கு முத்திரை கிடையாது.

எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியது. அதே சமயம் என் தலைக்குள் ஏதோ கொதித்தது.

திரும்பி ஓடினேன். ஒரு காவலர் "அம்மா, நில்லுங்க!" என்று கத்தினார். நான் நிற்கவில்லை.

"எடுடா அதை" என்றேன்.

"எதை?"

"எதைன்னு உனக்குத் தெரியும். எடு. கலினாவுக்குச் சனிக்கிழமை கல்யாணம்."

"என்கிட்ட ஒண்ணும் இல்லை. நான் உன்னை மாதிரி இல்லை" என்றான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான். முதல் வரிசையில் ஓரிரு தலைகள் திரும்பின. நாட்கா வாயில் கை வைத்திருந்தாள்.

"அப்ப திரும்பிப் போ" என்றேன். "நீ போ. அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

"பிளாகோய், நீ இல்லாம நான் வரல. அந்த அம்மாகிட்டச் சொல்லு" என்றார் அப்பா.

தான் மாட்டிக்கொண்டதும் இல்லாமல் அவரையும் இழுத்துக்கொண்டு போகிறான், என் மகள் சர்ச் வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாள், எல்லாம் ஒரு வாத்தியாரின் பெருமைக்காக. நான் அவன் கோட்டைப் பிடித்தேன். கூடப்பிறந்தவனை இப்படிப் பிடித்து உலுக்கியது பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அன்றுதான்.

"முள்ளு குத்தலையாடா உனக்கு? அன்னிக்கு என்னைக் கேட்டியே, ஊரே கேக்கற மாதிரி! உனக்குத் தொண்டையில ஒண்ணும் குத்தலையா?"

அதிகாரி ஃபோனை எடுத்தாள்.

அப்போது அப்பா ஒரு அடி முன்னால் வந்து, தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மெதுவாகச் சொன்னார்:

"காட்டித் தொலைடா. எல்லாரும் இந்தப் பக்கம் பாக்கறதுக்குள்ள காட்டித் தொலை."

பிளாகோய் குனிந்தான். இடது கால் சாக்ஸிலிருந்து எடுத்தான். கறுப்பு உறை. அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "இதை முதல்லயே குடுத்திருந்தா என் டீ ஆறியிருக்காது" என்றாள். அவ்வளவுதான் விஷயம். அவனை உள்ளே விட்டுவிட்டாள்.

நான் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

அவர் திரும்பிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார். பிளாகோய்தான் சொன்னான், காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே. "அவருக்குத் தெரியும் அக்கா. அவர்தான் வாங்கச் சொன்னாரு. ரெண்டு பிள்ளைங்க இருக்கு, வாத்தியார் சம்பளத்துல என்னடா பண்ணுவன்னு. பல்கேரியாவுக்கு, சோஃபியாவுக்குக்கூட என் கூட வந்தாரு."

"எப்ப?"

"அந்தக் கண் ஆபரேஷன் அப்ப. அம்மா இருந்தப்பவே."

கண் ஆபரேஷன்! சோஃபியாவில் பெரிய டாக்டர் என்றார்கள். நான் உல்மில் வேலைக்கு நடுவே சர்ச்சுக்கு ஓடி மெழுகுவத்தி ஏற்றினேன். முழங்கால் போட்டேன். அப்பாவுக்குப் பார்வை போய்விடக் கூடாது என்று அழுதேன். அங்கே இரண்டு பேரும் வரிசையில் நின்று பூர்வீகத்துக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஆக, பாஸ்போர்ட் ஒரு குற்றமே இல்லை. கொள்ளுத் தாத்தாவும் இல்லை, ரத்தமும் இல்லை, மலையும் இல்லை. ஒளித்து வைத்தவன் நல்ல பிள்ளை. வாயைத் திறந்து சொன்னவள் துரோகி. அம்மாவின் குழியருகில் நான் மண் போட்டபோது இந்த மனுஷன் பக்கத்தில் நின்று வேறெங்கோ பார்த்தாரே, அன்றும் அவருக்குத் தெரியும்! எனக்கு அழுகை வரவில்லை. எதையாவது எடுத்து உடைக்க வேண்டும்போல் இருந்தது.

பஸ் கிளம்பியது. நாட்கா என்னைத் தொட்டாள், நான் கையை உதறினேன். கொஞ்ச தூரம் போனதும் அப்பா எழுந்தார். சீட்டைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்து, என் காதருகே குனிந்தார். அவருடைய புகையிலை வாசனை அடித்தது.

"பிசேரா" என்றார். ஆறு வருஷத்துக்குப் பிறகு என் பெயர். "ஊர்ல யார்கிட்டயும் இதைச் சொல்லிடாதம்மா."

இதுதான் முதல் வார்த்தை. எத்தனை ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்திருக்கிறேன், என்ன சொல்வார், எப்படிக் கூப்பிடுவார் என்று.

"சொல்லல" என்றேன். "ஆனா இப்ப நிமிர்ந்து நின்னு, இந்த பஸ் முழுக்கக் கேக்கற மாதிரி, இவ என் பொண்ணுன்னு சொல்லுங்கப்பா. அது போதும் எனக்கு."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எல்லோரும் பிரிலெப்காரர்கள், எல்லோரும் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எல்லோருடைய காதும் எங்கள் பக்கம் இருந்தது. அவர் வாய் திறந்து மூடியது. பிறகு சீட்டைப் பிடித்துப் பிடித்துத் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

கல்யாணத்துக்கு வந்தார். பேத்தியை முத்தமிட்டார், இரண்டு சுற்று ஆடினார். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு என் மேஜைப் பக்கம் வந்து, "பிசேரா..." என்று மெதுவாக ஆரம்பித்தார். நான் பக்கத்தில் இருந்த என் புருஷனிடம் திரும்பினேன்.

"அந்த ஐயாகிட்டச் சொல்லுங்க" என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி, "சத்தமாப் பேசச் சொல்லுங்க. எனக்குக் கேக்கல."