விழுந்த பிரதியின் மேல்

நாடகப் பிரதி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தால், நடிகன் அதன் மேல் ஒருமுறை உட்கார்ந்த பிறகுதான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேஷம் உருப்படாது. ரஷ்யாவின் கோஸ்த்ரோமா நகர நாடக அரங்கில் கடவுளை நம்பாதவர்கள் உண்டு. இதை நம்பாதவர் ஒருவரும் கிடையாது.

அதனால்தான் அன்று காலை, முதல் வாசிப்பில், மூத்த நடிகர் அர்சேனி லூகிச்சின் கையிலிருந்து பிரதி விழுந்ததும் ரிம்மாவின் கண் அவருடைய முட்டிக்குப் போனது. முப்பத்தொரு வருடமாக அவருக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவள் அவள். நாற்காலியிலிருந்து அவர் கையூன்றி எழுந்துவிடுவார். தரையில் உட்கார்ந்தால் யாராவது தூக்கினால்தான் உண்டு. இந்த முட்டி விஷயம் அவளுக்கு மட்டும் தெரியும். மாஸ்கோவிலிருந்து வந்த இயக்குநர் கிளெப் முந்தின நாளே சொல்லியிருந்தான், எழுபத்தாறு வயதில் இவ்வளவு பெரிய வேஷம் தாங்குமா என்று வாசிப்பில் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் வேறு ஆளைப் போடுவதாக.

யாரை மாற்றப் பார்க்கிறான்? ஆளிநார்த் துணி நெய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே நடிக்கக் கற்றவர். இருபது வருடம் தட்டேந்தி வரும் வேலைக்காரனாக நின்றவர். மூன்று வரி வசனத்துக்கும் இரண்டு மணி நேரம் முன்னால் வந்து, தன் பூட்ஸைத் தானே பளபளப்பாகத் துடைத்துக்கொள்வார். ஐம்பது வயதில் ஒரே ஒரு படம், நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டன் வேஷம். நாடே அவரைத் தெரிந்துகொண்டது. இன்றைக்கும் டிராலிபஸ்ஸில், "உக்காருங்க கேப்டன்" என்று எழுந்து இடம் கொடுக்கிறார்கள். மாஸ்கோ கூப்பிட்டபோது, அங்கே மீன் ருசியாக இல்லை என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட மனிதர்.

"இருங்க, நான் எடுத்துத் தரேன்" என்று கிளெப் குனிந்தான்.

"தொடாதீங்க தம்பி" என்றார் அர்சேனி லூகிச். மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, பிரதியின் மேல் உட்கார்ந்தார். எல்லோரும் அவர் எழுவதற்காகக் காத்திருந்தார்கள். அவர் எழவில்லை. உட்கார்ந்தபடியே, தன் வேஷமான படகுக்காரனின் முதல் வசனத்தைத் தொடங்கினார்.

பிரதி கைக்கு வந்து நான்கே நாள். மற்றவர்கள் தாளைப் பார்த்துத் திக்கித் திணறிக்கொண்டிருக்க, அவர் முதல் அங்கம் முழுவதையும் தாளின் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார். ரிம்மா வரிக்கு வரி விரல் வைத்துத் தொடர்ந்தாள். ஓர் இடத்திலும் அவள் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

அங்கத்தின் கடைசியில் படகுக்காரன் எழுந்து கரைக்கு நடக்க வேண்டும். அவர் நிறுத்திவிட்டார்.

"இப்ப எழுந்திருக்கணும், அர்சேனி லூகிச்" என்றான் கிளெப்.

"தெரியும் தம்பி. வசனம் பூரா இருக்கு, முட்டிதான் இல்ல. வேற ஆளப் போடறதுன்னா போட்டுக்குங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

ரிம்மாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கிளெப் மேஜையைச் சுற்றி வந்து கையை நீட்டினான். கிழவர் அதைப் பற்றி, மூச்சு வாங்க, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நின்றார்.

"பிரதியில எழுதிக்குங்க ரிம்மா" என்றான் அவன். "படகுக்காரனோட மகள் கை கொடுக்கிறா. அவர் எழுந்திருக்கிறார். அவசரமே இல்லாம."

அந்தக் குளிர்காலம் முழுக்க, அந்த இடம் வரும்போது அரங்கில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. முதல் நாள் நாடகம் முடிந்ததும், உள்ளே வரும்போது கழற்றிக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்க வரிசையில் நின்ற ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டே ரிம்மாவிடம் சொன்னாள்:

"எழுந்திருக்கவே முடியாத மாதிரி எவ்வளவு அழகா நடிக்கிறாரு!"

ரிம்மா ஆமாம் என்றாள். பிறகு மேடைக்குப் பின்னால் போய், அவர் முன்னால் மண்டியிட்டு, அவருடைய பூட்ஸ் நாடாவைக் கட்டிவிட்டாள்.