பெருவிரலில் ஓர் எலுமிச்சம்பழம்

"ஏனுங்க, மெதுவா நடங்க! பழம் கழண்டுக்கப் போகுது!"

"கத்தாத சென்னியம்மா. ரோட்டுல போறவனெல்லாம் திரும்பிப் பாக்கறான்."

"பாக்காம என்ன பண்ணுவாங்க? எலுமிச்சம்பழத்துக்குத் தலப்பாக் கட்டி நடத்திக் கூட்டிட்டுப் போறீங்களே!"

கந்தப்பனின் வலது கால் பெருவிரலில் ஓர் எலுமிச்சம்பழம் செருகியிருந்தது. நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கி, விரல் வீங்கிப் பழுத்து, இரண்டு வாரமாக அவனை நொண்ட வைத்துக்கொண்டிருந்தது. ஊரில் எல்லாரும் செய்கிற வைத்தியத்தைத்தான் சென்னியம்மாளும் செய்தாள். பழத்தில் ஓட்டை போட்டு, உள்ளே மஞ்சளைக் குழைத்து அப்பி, அதில் விரலைச் செருகி, மேலே பழைய வேட்டித் துணியைச் சுற்றிவிட்டாள். வலி குறைவதாகக் காணோம்.

"டாக்டரம்மாகிட்டப் போங்க போங்கன்னு சொன்னனே, கேட்டீங்களா?"

"போனா வெரலுக்குக் கட்டுப் போட்டுருவாங்க. கட்டுப் போட்ட காலைப் பாத்துட்டு மொதலாளி சாவியக் குடுப்பாரா?"

எருமப்பட்டியிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி நாமக்கல் வந்ததே அந்தச் சாவிக்காகத்தான். முதலாளி சின்னண்ணன் புதிதாக ஒரு லாரி வாங்கியிருந்தார். பாடி கட்டி, பச்சை வர்ணம் அடித்து, பட்டறைக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயில் முன்னால் பூசைக்குக் கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். கந்தப்பன் கிளீனராக இருந்து, மாற்று டிரைவராகி, யார் யார் வண்டியையோ ஓட்டிச் சலித்தவன். தனக்கென்று ஒரு வண்டி இதுவரை அமையவில்லை.

லாரிக்காரர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. புது வண்டிக்குப் பூசை போட்டு, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு முதன்முதலாக வண்டியை எடுக்கிறவன் எவனோ, அவன்தான் அந்த வண்டிக்கு டிரைவர். அப்புறம் முதலாளி நினைத்தாலும் மாற்ற மாட்டார்.

"செருப்பையாச்சும் போட்டுட்டு ஓட்டுங்களேன்."

"பூசைக்குச் செருப்பா? அதில்லாம, செருப்புப் போட்டு ஆக்சிலேட்டர மிதிச்சா வண்டி பேசறது காலுக்குக் கேக்காது."

"உங்க காலு பேசறதுதான் எனக்கு ராத்திரியெல்லாம் கேக்குது."

கோயில் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று கந்தப்பன் துணியை அவிழ்த்தான். பழம் வரவில்லை. மஞ்சளும் சீழும் ரத்தமும் காய்ந்து விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் உயிர் போயிற்று.

"கந்தப்பா! எங்கடா போயிட்ட? வா, வந்து ஏறு!" சின்னண்ணன் குரல்.

"வாரனுங்க மொதலாளி!"

சென்னியம்மாள் சேலையை விரித்தாற்போல் முன்னால் நடக்க, அவள் மறைவில் அவன் லாரியின் மறுபக்கம் போய்ச் சேர்ந்தான். சகுனத்துக்காகப் படியில் வலது காலையே முதலில் வைத்து எம்பினான். பழம் படி விளிம்பில் இடித்தது. 'அம்மா!' என்று வந்த சத்தத்தைப் பல்லால் கடித்து விழுங்கினான். பழம் கழன்று, தரையில் விழுந்து, உருண்டு முன் சக்கரத்தடியில் போய் நின்றது.

குனிந்து எடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பூசாரி சுவாமிநாதன் தட்டோடு வந்தார். சின்னண்ணன் ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினார். கந்தப்பன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பூசாரி சந்தனம் வைத்தார், பூ வைத்தார், பூசணிக்காய் சுற்றினார். பிறகு முதல் எலுமிச்சம்பழத்தை வைக்க முன் சக்கரத்தடியில் குனிந்தார். குனிந்தவர் அப்படியே பின்னால் துள்ளினார்.

"ஐயோ! இங்க ஏற்கெனவே ஒண்ணு வெச்சிருக்குதுங்க!"

"ஒண்ணுன்னா என்னய்யா?"

"பழம் மொதலாளி! ஓட்டை போட்டு... உள்ளாற மஞ்சள்... இது... இது ரத்தமுங்க!"

கூட்டம் நாலடி பின்வாங்கியது. குழந்தைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள்.

"செய்வினை!"

"மிதிச்சிராதீங்க! தாண்டாதீங்க!"

"சக்கரம் ஏறியிருந்தா வண்டி குடும்பத்தோட போயிருக்கும்!"

"ஆருடா வெச்சது?" சின்னண்ணனின் மீசை துடித்தது.

"ஆரு வெப்பாங்க? வண்டி கெடைக்கலையேன்னு ஆருக்கு வயிறு எரியுதோ அவிய வெச்சிருப்பாங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

எல்லாக் கண்களும் சரவணமுத்துவின் பக்கம் திரும்பின. சின்னண்ணனுடைய மனைவியின் தம்பி அவன். புதிதாக லைசென்ஸ் எடுத்துவிட்டு, இந்த வண்டி தனக்குக் கிடைக்கும் என்று கடைசி வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தவன்.

"ஏன்டா, வேணுமுன்னா எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாமுல்ல? உன்ற அக்காகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?"

"மாமா! சத்தியமா நான் இல்லீங்க மாமா!"

"பின்ன ஆரு? பழத்துக்குக் கால் மொளைச்சு வந்துதா?"

"கற்பூரத்த ஏத்துங்க. அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்றேன். பொய்யின்னா என்ற கண்ணு போகட்டும்!" சரவணமுத்து அழுதேவிட்டான்.

பூசாரி கற்பூரத்தை ஏற்றினார். கந்தப்பன் மேலே, ஸ்டீயரிங்குக்கு முன்னால், சாவியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழத்தைப் பொறுக்கி ஆற்றில் எறிவார்கள், கோமியம் தெளிப்பார்கள், வண்டி அவனுடையது. இனி எந்தக் காலத்திலும் சரவணமுத்து அதற்குப் போட்டிக்கு வரமாட்டான்.

கீழே சென்னியம்மாள் நிமிர்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி அவள் பேசாமல் நின்றதே கிடையாது.

சரவணமுத்து உள்ளங்கையை ஓங்கினான்.

"அணைக்காத தம்பி! அது என்ற பழம்!"

"என்னது?"

"என்ற வெரலுப் பழமுங்க மொதலாளி. நகச்சுத்துக்குப் போட்டது. ஏறறப்பக் கழண்டு உருண்டுருச்சு."

"பயந்தவனக் காப்பாத்தக் கதை கட்டாத."

கந்தப்பன் ஒற்றைக்காலில் குதித்து இறங்கி, யாரும் தொட அஞ்சிய பழத்தைக் கையில் எடுத்து, எல்லாரும் பார்க்க வலது பெருவிரலில் செருகினான். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது போய் உட்கார்ந்தது.

பூசாரிதான் முதலில் சிரித்தார். "பிள்ளையாரப்பா! வெரலுக்கு வெச்ச பழத்துக்கா நான் அந்தத் துள்ளுத் துள்ளுனேன்!" அப்புறம் கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சரவணமுத்து அழுகையும் சிரிப்புமாக நின்றான்.

சின்னண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஆக்சிலேட்டர் மிதிக்கற வெரலு."

"ஆமாங்க."

"இத்தன சனம் நிக்குது. மிதிக்கறப்ப வலியில காலு உதறியிருந்தா?"

கந்தப்பன் தலை குனிந்தான்.

"சாவியக் குடு."

கொடுத்தான். அதற்குள் பூசாரி வானத்தைப் பார்த்து, "ராகு காலம் பொறந்துருச்சுங்க. இனி உச்சிப் பூசை மணி அடிச்சப்புறந்தான் வண்டிய எடுக்கோணும்" என்றார்.

சென்னியம்மாளுக்கு வாய் திரும்பிவிட்டது. "ஏனுங்க மொதலாளி, உச்சிக்குள்ள டாக்டரம்மாகிட்டக் காட்டிட்டு வந்துட்டா?"

"வந்தா பாக்கலாம். ஆனா அந்தக் காலு வலியோட பெடல்மேல பட்டுதுன்னா எறக்கியுட்ருவேன். சரவணன் எடுப்பான்."

சைக்கிள் மணி கணகணவென்று அடித்தது. சரவணமுத்து ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணா, பின்னால ஏறுங்க!"

"நீயா தம்பி? நான் வராட்டி வண்டி உனக்கில்ல?"

"நீங்க வாயத் தொறக்காட்டி நான் ஊருக்குள்ள மூஞ்சி காட்ட முடியுமுங்களா? ஏறுங்கண்ணா, நேரமாவுது!"

டாக்டர் இசபெல்லா சேலத்துக்காரர். கடைவீதியில் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். காலைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இந்த விரலுக்கு யாரு மஞ்சள் காப்பு சாத்தினது?"

"ஊட்டுலதானுங்க."

"நகத்தை எப்படி வெட்டுவீங்க?"

"பிளேடுல ஓரத்தத் தோண்டி எடுப்பனுங்க. குத்துதில்லீங்களா?"

"நல்லா தோண்டினீங்க! ஓரத்தை வளைச்சு வெட்டினா, அடுத்து முளைக்கிற நகம் சதைக்குள்ளதான் வழி பார்க்கும். நீங்க தோண்டத் தோண்ட அது இறங்கும். இனிமே நேரா வெட்டணும், தெரியுதா? படுங்க. மரத்துப்போக ஊசி போடறேன்."

"ஊசி எங்கீங்க?"

"விரலோட அடியில. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

கொல்லிமலை வளைவுகளில் மழையில் வண்டி இறக்கியவன், சரவணமுத்துவின் கையை எலும்பு நொறுங்கப் பிடித்தான். "அண்ணா, என்ற கை ஸ்டீயரிங் இல்லீங்க!" என்று அவன் அலறினான். டாக்டர் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தார். சிறிது நேரத்தில் இடுக்கியை உயர்த்திக் காட்டினார். அதன் நுனியில் அரிசியைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு நகச்சில்.

"இதுவா? இத்தனூண்டா? இதா என்னை இந்தப் பாடு படுத்துச்சு?"

"இதுதான்."

"டாக்டரம்மா, எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. வெரலு இருக்குதுங்களா?"

"இருக்கு, இருக்கு. சாயங்காலம் வலிக்கும், அப்ப தெரியும்." மருந்து தடவி வெள்ளைத் துணியால் கட்டினார். "ஒரு வாரம் இதை ஊன்றி அழுத்தக் கூடாது."

"இன்னைக்கு உச்சிக்கு ஒரு லாரி எடுக்கோணுமுங்களே!"

"மரத்துப்போன விரலை வச்சுக்கிட்டா? எவ்வளவு அழுத்தறீங்கன்னு உங்களுக்கே தெரியாது. ஆள் நிக்கிற இடத்துல ஓட்டி யாரைக் கொல்லப் போறீங்க?"

கந்தப்பன் கட்டுப் போட்ட விரலைத் தொட்டுப் பார்த்தான். முகம் சுண்டிவிட்டது. அதைப் பார்த்து டாக்டருக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. "வலது காலை வைக்காம ஓடற லாரி ஏதாவது இருந்தா ஓட்டிக்கிங்க, போங்க" என்றார் எரிச்சலும் இரக்கமுமாக.

கந்தப்பன் துள்ளி எழுந்து உட்கார்ந்தான்.

"இருக்குதுங்க!"

"என்ன இருக்கு?"

"ஃபர்ஸ்ட் கியர் போட்டு, எடது காலுல கிளச்ச மட்டும் நூலு நூலா உட்டா, ஆக்சிலேட்டரே இல்லாம வண்டி தானா ஊருமுங்க! பழம் நசுங்கற தூரந்தானுங்களே! வலது காலு சும்மா இருக்கும்!"

"அண்ணா, பிரேக்கு?" என்றான் சரவணமுத்து.

"ஹேண்ட் பிரேக் உன்ற கையில. புடின்னா புடிச்சிரோணும்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வலது கால் தரையில படக்கூடாது. பட்டதுன்னு கேள்விப்பட்டேன், இன்னொரு ஊசி!"

சைக்கிள் கடைவீதியில் பறந்தது. கேரியரில் கந்தப்பன் வெள்ளைக் கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டிக்கொண்டு, "ஒதுங்குங்க! ஒதுங்குங்க!" என்று கத்திக்கொண்டே வந்தான். கோயிலை எட்டும்போது உச்சிப் பூசை மணி அடித்துக்கொண்டிருந்தது.

சின்னண்ணன் கட்டைப் பார்த்தார். "அவ்வளவுதான். சரவணா, நீ ஏறு."

"அவரோடதான் ஏறுவேன் மாமா."

"மொதலாளி, வலது காலப் பெடல்மேல வெக்கவே மாட்டனுங்க. நின்னு பாருங்க. வெச்சா அந்த நிமிசமே எறங்கிக்கறேன்."

"காலில்லாம எப்படிடா ஓட்டுவ?"

"எடது காலு இருக்குதில்லீங்க?"

சின்னண்ணன் தாடையைத் தடவினார். பிறகு கையை வீசி, "எல்லாரும் அந்தப் பக்கம் போங்க! முன்னாடி ஒரு ஆளு நிக்கப்படாது!" என்று கூட்டத்தை ஒதுக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். தானே படியில் தொற்றி ஏறி, ஜன்னல் வழியாக அந்த வெள்ளைக் கட்டிலேயே கண்ணை வைத்துக்கொண்டார்.

பூசாரி சக்கரத்துக்கு ஒரு பழமாக வைத்துவிட்டு ஒதுங்கினார். இன்ஜின் உறுமியது. கந்தப்பன் வலது காலைத் தூக்கி, பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்த சரவணமுத்துவின் மடியில் போட்டான். கியர் விழுந்தது. இடது கால் கிளச்சிலிருந்து மெல்ல, மிக மெல்ல மேலே வந்தது. வண்டி நடுங்கியது. இன்ஜின் சத்தம் தணிந்து கம்மியது.

"அணையப் போகுது! அணைஞ்சா அபசகுனம்!" என்று யாரோ கத்தினார்கள்.

"அணையாதுங்க" என்றான் கந்தப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு. பாதத்தை மயிரிழை அளவு திரும்ப அழுத்தினான். இன்ஜினுக்கு மூச்சு வந்தது. மறுபடி விட்டான். லாரி, சினை மாடு எழுந்திருக்கிற மாதிரி, ஒருதரம் தயங்கி, அசைந்து, நகர்ந்தது. முன் சக்கரம் ஏறிற்று. பழம் வெடித்துச் சாறு தெறித்தது. பின் சக்கரமும் ஏறி இறங்கிற்று.

"புடி தம்பி!"

சரவணமுத்து பிரேக்கை இழுத்தான். வண்டி நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி தட்டை வைத்துவிட்டுக் கை தட்டினார்.

சின்னண்ணன் படியிலிருந்து இறங்கவில்லை. "நாளைக்கு ஆத்தூருக்குப் போயி ஜவ்வரிசி லோடு ஏத்தோணும். சரவணன்தான் ஓட்டுவான்" என்றார்.

கந்தப்பனின் கை ஸ்டீயரிங்கிலிருந்து நழுவியது.

"ஏன்டா மூஞ்சியத் தொங்கப் போடற? அந்தக் கட்டு அவுக்கற வரைக்குந்தான். நீ பக்கத்துல காலைத் தூக்கி வெச்சு உக்காந்து, இப்ப கிளச்ச உட்டயே, அத அவனுக்குச் சொல்லிக் குடு. அப்புறம் உன்ற வண்டிய நீ ஓட்டிக்க. எனக்கென்ன?"

"என்ற வண்டீங்களா?"

"பின்ன என்ற வண்டியா? நான் வாங்குனவன், அவ்வளவுதான்."

அந்தப் பக்கக் கதவு திறந்தது. சென்னியம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள்.

"நீ எங்க வார?"

"நாளைக்கு ஆத்தூருக்கு நானும் வாரனுங்க."

"லோடு வண்டியில பொம்பளைக்கு என்ன வேலை?"

"காலைக் கீழ எறக்குனா டாக்டரம்மா இன்னொரு ஊசின்னு சொல்லியிருக்காங்களாமே, சரவணன் தம்பி சொல்லிப்போட்டாரு. எறக்குனீங்கன்னா நானே புடிச்சுக் கொண்டுபோயிக் குத்த வெப்பேன். சித்தெ நகருங்க தம்பி, நான் எங்க உக்கார்றது?"